குப்பையில் லட்சுமி

விளக்கு வைத்த பிறகு வீட்டைப் பெருக்கிக் குப்பையை வெளியே கொட்டினால் லட்சுமி போய்விடுவாள் என்பதாக நமது பெண்மக்களுக்குத் தாய்மார்களும், தாய்மார்களுக்குப் பாட்டிமார்களும், பாட்டிமார்களுக்குப் புராணப் பிரசங்கிகளும் சொல்லி வைத்திருக்கின்றார்கள். இந்த ஒரு விஷயத்தில் மாத்திரம் அவர்கள் வாயில் தற்செயலாக ஓர் உண்மை வந்து விழுந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். குப்பையோடு செல்வம் வெளியே போகத்தான் செய்கின்றது. ஆனால் விளக்கு வைத்த பிறகு மாத்திரம் போகவில்லை. காலையிலும் போகின்றது, மத்தியானத்திலும் போகின்றது, செவ்வாய் வெள்ளி என்கின்ற பேதமில்லாமல் போகின்றது. சென்னை நகரத்திலிருந்து மட்டும் நாள் ஒன்றுக்கு 5000 டன்னுக்கு மேல் போகின்றது.

இதில் ஏறக்குறைய பாதி மக்கக்கூடியது. சோறு, காய்கறித் தோல், வாழை இலை, பூ, மீன் செதிள், இறைச்சிக் கழிவு, இளநீர் மட்டை ஆகிய இவைகள் எல்லாம் மண்ணிலிருந்து வந்தவை. மண்ணுக்குத் திரும்பிப் போக வேண்டியவை. இவைகளை நாம் என்ன செய்து வந்திருக்கின்றோம்? பிளாஸ்டிக் பையில் கட்டி, கண்ணாடித் துண்டோடும் பழைய பாட்டரியோடும் சேர்த்து, கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மலையாகக் குவித்து வந்திருக்கின்றோம். காற்றுப் புகாமல் அமுங்கிக் கிடக்கும் குப்பைக்குள் மீத்தேன் என்னும் எரிவாயு உண்டாகின்றது. அந்த வாயுவைப் பிடித்து அடுப்பில் விட்டால் சோறு வேகும். பிடிக்காமல் விட்டால் ஊர் வேகும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பை மலை பற்றிக்கொண்டு நாட்கணக்கில் எரிந்ததைத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பட்டணத்துச் சங்கதி நமக்கு எதற்கு என்று மேற்குப் பக்கத்தார் சொல்லிவிட முடியாது. 2011இல் அம்பத்தூர் சென்னைக் கார்ப்பரேஷனோடு சேர்ந்துவிட்டது. ஆவடி 2019இல் தானே ஒரு கார்ப்பரேஷன் ஆகிவிட்டது. பூவிருந்தவல்லிக்குப் பெயரில்தான் பூ இருக்கின்றது. பெங்களூர் ரஸ்தாவின் ஓரத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிறவனுக்கு அது தெரியும். திருவள்ளூர் ஜில்லாவின் கிராமத்தான் விளைவிக்கின்ற கீரையையும் கத்தரிக்காயையும் பட்டணத்தான் தின்கின்றான். தின்ற மிச்சத்தை எருவாக்கித் திருப்பி அனுப்புகின்றானா என்றால் இல்லை, நாற்றமாக்கி அனுப்புகின்றான். கிராமத்தானோ தன் நிலத்துக்குக் கடைத்தெருவில் மூட்டை உரம் வாங்கிக் கடன்படுகின்றான். இதைவிட மூடத்தனமான வியாபாரம் வேறொன்று உலகத்தில் உண்டா?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேறு எதுவும் கலவாத ஒரு டன் ஈரக் குப்பையைக் காற்றுப் புகாத தொட்டியில் போட்டு நுண்ணுயிர்களிடம் ஒப்படைத்தால், குறைத்து வைத்தாலும் 80 கன மீட்டர் வாயு கிடைக்கும். அடுப்புக்கு என்று பார்த்தால் அது வீட்டுச் சிலிண்டர் இரண்டரைக்குச் சமம். வாயு போக மீதி நிற்கும் கரைசல் வயலுக்கு உரம். வாயு வேண்டாம், எருவே போதும் என்றால், அதே ஒரு டன்னைக் காற்றுப் படும்படி குவித்துப் புரட்டி வந்தால் சுமார் 200 கிலோ எரு நிற்கும். குவியலின் உட்புறம் 55 டிகிரிக்கு மேல் தானாகவே சூடேறுவதால் நோய்க் கிருமியும் களை விதையும் செத்துவிடுகின்றன. இதற்கு எந்த மந்திரமும் தேவையில்லை. ஈரமும், காற்றும், பச்சைக் கழிவோடு காய்ந்த சருகைச் சேர்க்கும் அளவும்தான் தேவை. இந்தூர் நகரத்தில் 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்ட நிலையம் நாள் ஒன்றுக்கு 550 டன் ஈரக் குப்பையை ஏற்று, அதிலிருந்து 17 டன் எரிவாயுவும் 100 டன் எருவும் எடுப்பதற்கென்று கட்டப்பட்டது. அந்த வாயுவிலே பஸ் ஓடுகின்றது.

வாயுவும் எருவும் மாத்திரமல்ல. கறுப்பு நிறத்தில் ஓர் ஈ இருக்கின்றது. 'சோல்ஜர் ஈ' என்று அதற்குப் பெயர். வீட்டு ஈயைப் போல் சோற்றில் மொய்க்கின்ற ஜாதி அல்ல இது. இதன் புழுவை ஈரக் குப்பையில் விட்டால் இரண்டு வாரத்திற்குள் தின்று கொழுத்துவிடும். காயவைத்தால் அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு புரதம். கோழிக்கும் மீனுக்கும் உயர்ந்த தீனி. இளநீர் மட்டையிலிருந்து நாரும் நார்க்கழிவு எருவும் வருகின்றன. குப்பையைப் புளிக்கவைத்து வருகின்ற அமிலங்களைத் தின்று, மக்கிப் போகக்கூடிய பிளாஸ்டிக்கைத் தங்கள் உடம்புக்குள்ளேயே சேர்த்து வைக்கின்ற பாக்டீரியாக்களும் இருக்கின்றன. இதற்கு இன்னும் செலவு அதிகம், ஆனால் வழி தெரிந்துவிட்டது. கான்பூரில் ஒரு கம்பெனி கோயில்களில் சாத்திக் கழித்த பூவைச் சேகரித்து, அதிலிருந்து ஊதுவத்தியும் தோல் போன்ற ஒரு பொருளும் செய்கின்றது. பூவாகப் போய் ஊதுவத்தியாகத் திரும்பவும் சாமியிடமே போய்ச் சேருவதைக் கண்டு நமக்குச் சிரிப்பு வருகின்றதென்றாலும், கங்கையில் கொட்டி நாறவிடுவதைக் காட்டிலும் இது எவ்வளவோ மேல் என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம்.

இவையெல்லாம் ஏதோ நேற்று வெளிநாட்டிலிருந்து வந்த வித்தைகள் என்று யாரும் நினைக்கவேண்டாம். நம் கிராமத்தில் வீட்டுக்கு வீடு எருக்குழி இருந்தது. சர் ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கிலேயர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்துகொண்டு, குடியானவனின் குப்பைக் குழியைச் சாஸ்திரீயமாகச் செம்மைப்படுத்தி 'இந்தூர் முறை' என்று உலகத்துக்குக் கொடுத்தார். ஆச்சார்யா என்கின்ற விஞ்ஞானி 1939இல் நகரத்துக் குப்பைக்கென்றே பெங்களூரில் ஒரு முறை வகுத்தார். வாயு எடுக்கும் வேலையோ அதற்கும் முந்தியது. பம்பாய் மாதுங்காவில், குஷ்டரோகிகள் என்று ஊரை விட்டு ஒதுக்கிவைத்தவர்களின் விடுதியில், 1897இலேயே அவர்களுடைய கழிவிலிருந்து வாயு பிடித்து உபயோகித்திருக்கின்றார்கள். கங்கைக்கும் காவிரிக்கும் விளக்கு விடுகின்ற பெரிய மனிதர்கள் எல்லாம் கழிவை ஆற்றில் விட்டுக்கொண்டிருந்த காலத்தில், தொடக்கூடாதென்று தள்ளப்பட்டவர்கள் இருந்த இடத்தில் அது எரிபொருளாயிற்று.

அப்படியானால் நூறு வருஷத்துக்கு மேல் தெரிந்த ஒரு காரியம் ஏன் நடக்கவில்லை? பணமில்லையா, யந்திரமில்லையா, சட்டமில்லையா? எல்லாம் இருந்தன. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை ஓரத்திலுள்ள கோயம்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1996இல் திறந்த மார்க்கெட்டு. நாள் ஒன்றுக்கு நூறு டன்னுக்கு மேல் காய்கறி, பழ, பூக் கழிவு சேரும் இடம். அங்கே 2005இல், 30 டன் கழிவிலிருந்து வாயு எடுத்து மின்சாரம் செய்யும் நிலையம் ஒன்று கட்டினார்கள். கொஞ்ச காலம் ஓடிற்று, பிறகு நின்றது, ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. சோறு வடித்துக் கொட்டியிருக்கும் வீட்டில் பிள்ளை பட்டினி கிடந்த கதைதான். சட்டத்தைச் சொன்னால், 2000 வருஷத்திலேயே குப்பைக்கென்று விதிகள் வந்தன. 2016இல் மறுபடியும் வந்த விதிகள், ஈரக் குப்பை, உலர்ந்த குப்பை, அபாயமான குப்பை என்று வீட்டிலேயே மூன்றாகப் பிரித்துக் கொடுக்கவேண்டும் என்று கட்டளையிட்டன. எத்தனை வீட்டில் பிரித்தார்கள்? உங்கள் தெருவில் வண்டி வருகின்றபோது நின்று பாருங்கள்.

இங்கேதான் தோழர்களே, விஷயத்தின் ஆணிவேர் இருக்கின்றது. வாயு எடுக்கும் தொட்டி உயிருள்ள வயிறு மாதிரி. அதில் சோறும் கீரையும் போகலாம். ஷாம்பூ உறையும் கண்ணாடியும் போகக்கூடாது. கலந்த குப்பையில் செய்த எருவில் கண்ணாடித் துண்டும் ஈயமும் கிடந்தால் எந்தக் குடியானவன் அதைக் காசு கொடுத்து வாங்கி வெறுங்காலோடு நடக்கின்ற வயலில் போடுவான்? ஆகவே எல்லாம், சமையல் கட்டில் இரண்டு பாத்திரம் வைத்து, இது இதற்கு, அது அதற்கு என்று போடுகின்ற ஒரு சிறு காரியத்தில் தொங்குகின்றது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை செய்யக்கூடிய இந்தக் காரியத்தைப் பி.ஏ., எம்.ஏ. படித்த கனவான்கள் ஏன் செய்வதில்லை?

சோம்பல் என்று சொல்லி விடலாம். அது முழு உண்மை ஆகாது. சோம்பேறியானவன் பூஜை அறையில் துளசி ஒரு தட்டு, குங்குமம் ஒரு தட்டு, விபூதி ஒரு தட்டு என்று பிரித்து வைக்கின்றானே, அப்போது சோம்பல் எங்கே போயிற்று? இந்த நாட்டில் குப்பை என்பது வெறும் குப்பை அல்ல, அது தீட்டு. தீட்டைத் தொடுவதற்கென்று ஒரு ஜாதியைக் கடவுளே படைத்துக் கொடுத்திருக்கின்றார் என்பது மனுதர்மத்தின் போதனை. வீட்டு வாசலைத் தாண்டியவுடன் அது அவனுடைய சொத்து; அதைப் பிரிப்பது அவன் தலையெழுத்து; நான் தொட்டுப் பிரித்தால் என் ஜாதி என்னாவது? இப்படி வாய்விட்டு யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் சாப்பிட்ட இலையை எடுப்பதற்கும், குப்பைத் தொட்டியைத் தொடுவதற்கும், சாக்கடை அடைத்தால் இறங்குவதற்கும் எந்த ஜாதியார் வரவேண்டும் என்பதில் நாஸ்திகம் பேசுகின்ற வீடுகளில்கூடச் சந்தேகம் இருப்பதில்லை. வெள்ளைக்காரன் நாட்டில் தோட்டத்தில் எரு போட்டவன் தோட்டக்காரன் ஆனான். நம் நாட்டில் எரு அள்ளினவன் தீண்டாதவன் ஆனான். ஆகவே இங்கே குப்பைப் பிரச்சனை யந்திரப் பிரச்சனை அல்ல, ஜாதிப் பிரச்சனை என்கின்றோம்.

இதே தீட்டு, மதம் என்று வந்துவிட்டால் எப்படிப் பறந்துவிடுகின்றது பாருங்கள். மாட்டுச் சாணியும் மூத்திரமும் பஞ்சகவ்யமாகி நாக்கில் படலாம். கரூர் ஜில்லா நெரூரில் பிறர் சாப்பிட்ட எச்சில் இலையின் மேல் உருண்டால் புண்ணியம் என்றார்கள். 2015இல் ஐகோர்ட் அதைத் தடுத்தது. 2024இல் இன்னொரு தீர்ப்பு அதை அனுமதித்தது. 2025இல் இரண்டு நீதிபதிகள் அந்த அனுமதியை ரத்து செய்தார்கள். ஊரார் எச்சில் இலையின் மேல் உருளுவதற்கு உரிமை கேட்டுக் கோர்ட்டுக்குப் போகின்ற நாட்டில், தன் வீட்டு எச்சில் இலையைத் தனிக் கூடையில் போடச் சொன்னால் கௌரவக் குறைவாம்!

அம்பத்தூர்த் தோழர்களுக்கு ஆயுத பூஜை தெரிந்த காட்சி. 1964இல் உண்டான தொழிற்பேட்டை அது. உருக்கையும் பித்தளையையும் நூலிழை பிசகாமல் கடைகின்ற பட்டறைகள் நிறைந்த இடம். லேத்து எப்படி ஓடுகின்றது என்று அதை ஓட்டுகின்றவனுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் வருஷத்தில் ஒரு நாள் அதற்குப் பொட்டு வைத்து, வாழைக் கன்று கட்டி, வாசலில் பூசணிக்காயைப் போட்டு உடைக்கின்றான். ஒவ்வொரு பட்டறைக்கும் பூசணிக்காய். ஒவ்வொரு லாரிக்கும் எலுமிச்சம்பழம். ஒவ்வொரு கதவுக்கும் மாவிலை. மறுநாள் காலை ரஸ்தாவைப் பாருங்கள். தின்னக்கூடிய காய் குங்குமச் சேறாகக் கிடக்கும். அதன்மேல் சறுக்கி விழுகின்ற சைக்கிள்காரனுக்கு எந்தத் திருஷ்டி கழிந்ததோ தெரியாது. அதைப் பெருக்கி அள்ளுகின்றவளுக்கு அன்றைக்கு லீவு கிடையாது. விடுமுறை சரஸ்வதிக்கு, வேலை துடைப்பக்காரிக்கு! ஆடி மாதம் திருவேற்காட்டிலும், மாங்காட்டிலும் வேப்பிலையும், எலுமிச்சையும், பூவும் மலைமலையாய்க் குவிவதும் இதே கதைதான். இந்தப் பூஜைகள் வேண்டுமா என்பதைப் பற்றி நம் அபிப்பிராயம் எல்லோருக்கும் தெரிந்தது. நாம் வேண்டாமென்பதற்காக நாளைக்கே அவை நின்றுவிடப் போவதில்லை. ஆனால் நிற்கின்ற வரையில் அதன் கழிவுக்கு யார் பொறுப்பு? உண்டியல் காசை எண்ணத் தெரிந்த தேவஸ்தானம் தன் பூவைத் தானே எருவாக்கக் கூடாதா?

பிரித்துப் போடுவது முடியாத காரியமல்ல என்பதற்குத் தூரம் போகவேண்டியதில்லை. கேரளத்து ஆலப்புழையில், நகரத்துக் குப்பை சர்வோதயபுரம் என்னும் கிராமத்தில் கொட்டப்பட்டு வந்தது. (சர்வோதயம் என்று பெயர் வைத்த ஊருக்குக் கிடைத்த உதயம் இது!) கிராமத்தார் வண்டியை மறித்துவிட்டார்கள். 2012 முதல் நகரத்தார் வேறு வழியில்லாமல் வீட்டிலேயே குழாய்க் கம்போஸ்டும், வாயுத் தொட்டியும், தெருவுக்குத் தெரு காற்றோட்டமான எருத் தொட்டியும் வைத்தார்கள். நாற்றம் பிடித்த முனைகள் சுத்தமாயின. 2017இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் ஸ்தாபனம் அந்தச் சிறு நகரத்தை உலகத்துக்கே உதாரணமாகக் காட்டியது. தென் கொரியாவில் 2005இல் சோற்றுக் கழிவைக் குப்பைமேட்டில் கொட்டுவதே சட்டவிரோதமாயிற்று. 2013 முதல் எடை போட்டுக் காசு வாங்குகின்றார்கள். எவ்வளவு வீணாக்குகின்றாயோ அவ்வளவு கொடு என்கின்றார்கள். அங்கே சாப்பாட்டுக் கழிவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் குறையாமல் தீனியாகவும் உரமாகவும் வாயுவாகவும் திரும்புகின்றது. கொரியாக்காரனுக்கு நம்மைவிடக் கை ஒன்று கூடுதலா?

இங்கேயோ இன்னொரு குறுக்கு வழி சொல்லுகின்றார்கள்: எல்லாவற்றையும் சேர்த்து உலையில் போட்டு எரித்து மின்சாரம் எடுப்பது. காய்கறிக் கழிவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். தண்ணீரை எரிக்கின்ற புத்திசாலித்தனத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. கொடுங்கையூரில் அத்தகைய உலை வேண்டாமென்று வடசென்னை மக்கள் 2025இல் கிளர்ச்சி செய்தது நியாயமே. அந்த மலை ஏன் போயஸ் தோட்டத்துக்குப் பக்கத்தில் எழும்பவில்லை என்பதையும் அவர்கள் யோசித்திருப்பார்கள்.

நிற்க, இப்போது குப்பைக்கு ஒரு புதிய மரியாதை வந்திருக்கின்றது. 'கழிவிலிருந்து செல்வம்' என்று மந்திரிகள் பேசுகின்றார்கள். கம்பெனிகள் போட்டி போட்டுக் காண்டிராக்டு கேட்கின்றன. சந்தோஷம். ஆனால் நாம் இன்னொன்றும் கவனிக்கின்றோம். குப்பை நாற்றமாக இருந்த வரையில் அது ஆதிதிராவிடருக்கும் அருந்ததியருக்கும் உரியதாயிருந்தது. அது வாயுவாகவும் எருவாகவும் பணமாகவும் மாறினவுடன் அது கம்பெனிக்கு உரியதாகிவிடுகின்றது. நாற்றத்துக்கு ஒரு ஜாதி, லாபத்துக்கு வேறு ஜாதி! இழிவான வேலைகளை யந்திரங்கள் செய்யும் காலம் வரும் என்று பெரியார் 1940களில் 'இனி வரும் உலக'த்தில் எடுத்துக் காட்டினார். யந்திரம் வந்துவிட்டது. ஆனால் அந்த யந்திரத்தின் வாயில், ஓடுகின்ற பட்டையின் இரண்டு பக்கமும் நின்று, நாம் பிரிக்காத குப்பையைக் கையால் பிரித்துப் போடுகின்ற பெண்கள் யார்? அவர்கள் எந்தச் சேரியிலிருந்து வருகின்றார்கள்? பெயரை மாற்றினார்கள், 2020இல் துப்புரவுப் பணியாளர் 'தூய்மைப் பணியாளர்' ஆனார். ஒரு காலத்தில் 'ஹரிஜன்' என்று பெயர் மாற்றினதைப் போலத்தான். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர்ப் பகுதித் தொழிலாளிகள், எங்களைத் தனியாரிடம் தள்ளாதே, நிரந்தர வேலை கொடு என்று ரிப்பன் கட்டடத்தின் முன் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். ராத்திரியில் போலீஸைக் கொண்டு அப்புறப்படுத்தினார்கள். புதுப் பெயர் அந்த ராத்திரியில் ஒருவருக்கும் உதவவில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம் வந்தும், 1993 முதல் எடுத்த கணக்கில் சாக்கடைக் குழியில் செத்தவர் தொகையில் தமிழ்நாடு முன்வரிசையில் நின்றதை யார் மறுக்க முடியும்?

வேறு வழியும் உண்டு. புனா நகரத்தில் குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்களே, பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்கள், தங்களுக்குச் சொந்தமாக 'ஸ்வச்' என்னும் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, 2008இல் கார்ப்பரேஷனோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். வீட்டுக்காரர் கட்டணம் கொடுக்கின்றார். விற்கக்கூடிய பொருளை விற்ற காசும் அவர்களுக்கே. ஆவடியிலும் அம்பத்தூரிலும் இது ஏன் முடியாது? 1955 ஜனவரியில் இதே ஆவடியில்தான் காங்கிரஸ் மகாசபை கூடிச் சோஷலிச மாதிரியான சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. எழுபது வருஷம் ஓடிப்போயிற்று. குப்பை போடுவதில் மாத்திரம் சோஷலிசம் வந்திருக்கின்றது. எல்லா ஜாதியாரும் போடுகின்றார்கள். அள்ளுவதில் இன்னும் வருணாசிரமமே நடக்கின்றது.

ஆகவே முனிசிபாலிட்டியையும் கார்ப்பரேஷனையும் நாம் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு வார்டிலும் அந்த வார்டின் ஈரக் குப்பைக்கு எருக் கூடமோ வாயுத் தொட்டியோ இருக்கட்டும். கல்யாண மண்டபம், ஓட்டல், கோயில், மார்க்கெட் ஆகியவை தங்கள் கழிவைத் தாங்களே மாற்றட்டும். பிரிக்காமல் கொடுக்கின்ற பங்களாக்காரனிடம் கொரியாவைப் போல எடை போட்டு வசூலிக்கட்டும். எருவும் வாயுவும் விற்ற பணத்தில் ஒரு பங்கு, அதை அள்ளிப் பிரிக்கின்றவர் கையில், நிரந்தர வேலையோடும் கையுறை காலுறையோடும் சேரட்டும். எருக் கூடத்து வேலைக்கு விளம்பரம் செய்கின்றபோது எல்லா ஜாதிப் பிள்ளைகளும் மனுப் போடுகின்ற அளவுக்குச் சம்பளம் வைக்கட்டும். அக்கிரகாரத்துப் பிள்ளை ஒருவன் எரு புரட்டுகின்ற வேலைக்கு வந்து சேருகின்ற நாளில் அந்தத் தொழிலின் தீட்டுப் போய்விட்டது என்று ஒப்புக்கொள்ளுகிறோம்.

நம் தோழர்களுக்கும் ஒரு வேலை இருக்கின்றது. அவரவர் வீட்டில் இன்றைக்கே இரண்டு கூடை வைக்கவேண்டும். அதைப் பிரிக்கின்ற வேலையை மனைவியின் தலையில் கட்டாமல் ஆண்களும் செய்யவேண்டும். கிராமத்துத் தோழர்கள் மூடிப்போன எருக்குழியைத் திறக்கவேண்டும். வருகின்ற ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை செய்கின்ற தோழர்கள் நாலைந்து பேர் ஒரு தராசோடு தெருமுனையில் நின்று, எத்தனை பூசணிக்காய், எத்தனை வாழைக்கன்று, எத்தனை கிலோ பூ என்று எடை பார்த்து, அதை அள்ளினவர்களுக்கு அன்றைக்கு என்ன கூலி கிடைத்தது என்பதையும் கேட்டு எழுதி அனுப்பினால், அடுத்த வாரப் பத்திரிகையில் தெருத் தெருவாகப் பட்டியல் போட்டு வெளியிடுவோம்.